புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் ஒரே வாரத்தில் சாவது ஏன்? ‘தொட்டி சைக்கிள் ஆகணும்’ என்கிறார்களே, அது என்ன?

மீன் கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அம்மோனியா வரும். மீனுக்கு அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும் (அதுவும் விஷம்தான்). இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இது கொஞ்சம் இருந்தால் பாதகமில்லை, செடிகளுக்கு உரம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறிப் பெருகுவதைத்தான் சைக்கிள் என்கிறார்கள். சாதாரணமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். பெங்களூரு டிசம்பர் குளிரில் பால் உறைய எவ்வளவு நேரமாகிறது! தொட்டியும் குளிரில் தாமதிக்கும். நன்றாக ஓடும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சுத் துண்டு கிடைத்தால் அதுதான் உறைமோர். அல்சூரில் பக்கத்து வீட்டு அண்ணன் எனக்கு ஒரு துண்டு கொடுத்தார். பழுப்பாக, வழுவழுவென்று இருந்தது. அருவருத்துப்போய் அதைக் காவிரிக் குழாயில் பளிச்சென்று கழுவிவிட்டேன். சரி, போச்சு! குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரை வாளியில் எடுத்து அதில் லேசாகப் பிழிந்தாலே போதும்.

ஹைட்ரில்லா போல வேகமாக வளரும் செடி இருந்தால் இன்னும் நல்லது, அம்மோனியாவை நேரடியாகவே உறிஞ்சும்.

தண்ணீர் தெளிந்துவிட்டால் மீன் விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டுவந்தும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டினால்தான் தொட்டி தயார்.