நிலநடுக்கத்தில் விரிசலுற்ற பழங்கட்டடங்களும் வெடிமருந்தும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: இத்தாலியில் நிலநடுக்கத்துக்குப் பின் தேவாலய மணிக்கோபுரம் ஒன்றை வெடிவைத்து வீழ்த்தினார்களாமே! முட்டுக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கக் கூடாதா?

பதில்: 2012 மே 20 அன்று எமிலியா-ரொமாஞா பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தையடுத்து, சில நாள்களிலேயே பொஜ்ஜோ ரெனாட்டிக்கோ என்ற ஊரின் மணிக்கோபுரம் அவ்வாறு வீழ்த்தப்பட்டது. முட்டுக் கொடுப்பதென்றால் பணியாளர்கள் பல நாள்கள் கோபுரத்தின் நிழலிலேயே நிற்க வேண்டும். அப்பகுதியோ மே 29 அன்று மறுபடியும் கடுமையாகக் குலுங்கியது. எனினும், இழப்பு நிரந்தரமானது என்பதையும் மறக்கலாகாது. 1976இல் இத்தாலியின் ஃபிரியூலி பகுதி நிலநடுக்கங்களில் இடிந்த வென்சோனே பேராலயத்தின் கற்களை ஒவ்வொன்றாக அடையாளங்கண்டு, பழைய இடத்திலேயே பொருத்தி, 1990களில் மீண்டும் எழுப்பினார்கள். ஆகவே, வெடிவைத்தல் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: வெடிவைத்தால் ஆள்கள் கட்டடத்தின் அருகே செல்லவே வேண்டியதில்லை அல்லவா?

பதில்: பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். வெடிக்கும் நொடியில் எவரும் அருகில் இருப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அதற்கு முன் சுவரில் துளையிட்டு மருந்தை நிரப்ப வேண்டியவர்கள் மனிதர்கள்தாம், முழுப் பணியிலும் ஆபத்து மிகுந்த வேளையும் அதுவே. பழைய சுவர்கள் பலவற்றில் வெளியே செங்கல்லும் உள்ளே உதிரிக் கல்லும் சுண்ணாம்புக் காரையுமே இருப்பதால், துளையிடும் அதிர்வே அவற்றைச் சரிக்கப் போதும். மேலும், கோபுரத்தை மரம் வெட்டுவது போலத்தான் சாய்க்கிறார்கள்: விழ வேண்டிய பக்கத்தின் அடிப்பகுதியைச் சிதைத்து, எதிர்ப்பக்கத்தைக் கீல் போல விட்டுவைக்கிறார்கள். அந்தக் கீல் இருக்க வேண்டிய இடத்திலேயே நிலநடுக்க விரிசல் ஓடியிருந்தால், கோபுரம் எந்தத் திசையில் விழும் என்பதற்கு உறுதியில்லை.

கேள்வி: நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் நிலநடுக்கத்துக்குப் பின் பல மாடிக் கட்டடம் ஒன்றை நொடிகளில் தரைமட்டமாக்கியதைப் போல அங்குள்ள பேராலயத்தையும் செய்திருக்கலாமே?

பதில்: 2012 ஆகஸ்டில் தகர்க்கப்பட்ட ரேடியோ நெட்வொர்க் ஹவுஸ் கான்கிரீட் தூண்களின்மேல் நின்ற கட்டடம். தூண்களை மில்லிநொடி இடைவெளிகளில் முறித்தால், கட்டடம் தன் எடையாலேயே உள்நோக்கி அமர்ந்துவிடும். கற்கட்டடத்தில் சுவரே சுமைதாங்கி என்பதால், அது அமராது, சிதறும். தவிர, 2011 பிப்ரவரி நிலநடுக்கத்தில் கோபுரத்தை இழந்த அப்பேராலயத்தை மீட்டமைக்கவே 2017இல் மறைமாவட்டப் பேரவை வாக்களித்தது.

கேள்வி: பக்கத்துப் பழைய வீடுகளுக்குப் பாதிப்பு வராதா?

பதில்: வரலாம். பெரும்பாலும் வெடியைவிட, இடிபாடு தரையில் மோதும் அதிர்வே பெரிதாக இருக்கும். அதனால் விழுமிடத்தில் மண்ணைக் குவித்து மெத்தை போல அமைக்கிறார்கள். தாழ்ந்த அதிர்வெண்களில், பாரம்பரியக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு ஜெர்மானியத் தரநிலை பரிந்துரைக்கும் அதிர்வு வேக வரம்பு நொடிக்கு 3 மில்லிமீட்டர் மட்டுமே.

கேள்வி: 1906இல் சான் பிரான்சிஸ்கோவில் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்ததும் இதே முறையா?

பதில்: இல்லை. அது நிலநடுக்கத்தையடுத்து மூண்ட தீ பரவாமலிருக்க இடைவெளி உண்டாக்கும் அவசர முயற்சி. அதுவே பல இடங்களில் புதிய தீயை மூட்டிவிட்டது.