பதில்: கொரியன் புல்லில் கோரை, யூரியா போட்டதும் கருகல்

சார், கடலூர் தேவனாம்பட்டினம் மணல் மண், 500 சதுர அடி கொரியன் புல்தரை, அதில் கோரைக் களை குறையவில்லை, யூரியா போட்டதும் புல் கருகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பிடுங்கப் பிடுங்கக் கோரை கூடுவதில் ஆச்சரியமில்லை. தண்டை விரலிடையில் உருட்டுங்கள், மூன்று பட்டை தட்டுப்பட்டால் கோரைதான். மேலே இழுத்தால் தண்டு மட்டும் வரும். மண்ணுக்குள் சங்கிலியாகக் கோத்திருக்கும் கிழங்குகள் தனித்தனியே முளைக்கும்.

கோரையைக் கொல்லும் களைக்கொல்லி ஹாலோசல்ஃபியூரான் மீத்தைல் 75%, நீரில் கரைக்கும் குருணை, ஏக்கருக்கு 36 கிராம். உங்கள் இடத்துக்கு 0.4 கிராம்தான், நகை எடை பார்க்கும் சின்னத் தராசு வேண்டும். 2 லிட்டர் தண்ணீரில் ஒட்டுத்திரவம் சேர்த்து, கோரை 3-4 இலை விட்டதும் தெளியுங்கள். முன்னும் பின்னும் இரண்டு நாள் புல் வெட்டாதீர்கள். கோரை மஞ்சளாக இரண்டு மூன்று வாரம் ஆகும். பொறுமையில்லாமல் மறுநாளே திரும்ப அடிக்க வேண்டாம். கிளைபோசேட் களைக்கொல்லி பக்கமே போகாதீர்கள், புல்லும் சேர்ந்து செத்துவிடும்.

புல் கருகியது ஈர இலையில் யூரியா குருணை ஒட்டியதால். இப்போது நன்றாகத் தண்ணீர் விடுங்கள். அடுத்த முறை 200 கிராம் யூரியாவை ஒரு கிலோ காய்ந்த மணலில் கலந்து, இலை உலர்ந்த மாலையில் தூவி, உடனே நீர் பாய்ச்சுங்கள். ஐப்பசி மழையில் போட்டால் மணலில் இறங்கி வீணாகும்.