பானையில் கிடைத்த லிவியா, பில்லோடு வந்த ஃபவுஸ்தினா

கேள்வி: ரோமானிய வெள்ளிக் காசுகள் சேர்க்கிறேன். பேரரசி ஃபவுஸ்தினாவின் உருவம் உள்ள 2 காசுகளை ஜெர்மனி ஏலத்தில் வாங்கினேன். பில், சுங்க ரசீது இரண்டும் உண்டு. போன வருடம் காங்கயம் பக்கம் சித்தப்பாவின் தோப்பில் பைப் பதிக்கக் குழி வெட்டியபோது சிறு பானையில் 11 வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ஒரு பக்கம் ரோமப் பேரரசர் திபேரியஸ், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் பெண். அவருடைய தாய் லிவியா என்கிறார்கள். சித்தப்பா அவற்றை எனக்கே கொடுத்துவிட்டார். புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து வரும் மகள் எல்லாவற்றையும் எடுத்துப் போகலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் அந்தப் புளியை நிறுத்துங்கள்.

மகள் ஒரு காசைக்கூட எடுத்துப் போகக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த எந்தக் காசும் தொல்பொருள்தான். ரோமில் அச்சடித்ததா, மதுரையில் அச்சடித்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. தனி ஆள் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, கூடவே அபராதம். மகளுக்கு அன்பளிப்பு என்பதெல்லாம் விமான நிலையத்தில் எடுபடாது.

ஃபவுஸ்தினா காசுகளை வீட்டில் வைத்திருப்பதில் சிக்கல் இல்லை. கட்டாயப் பதிவு சிலை, ஓவியம் போன்றவற்றுக்குத்தான். காசு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள். கொங்கு மண்ணில் கிடைக்கும் ரோமானிய வெள்ளி பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தது. அதற்கு நூறாண்டுக்குப் பிந்திய ஃபவுஸ்தினா உங்கள் கையில் எப்படி வந்தாள் என்று கேட்டால் அந்தத் தாள்தான் பேசும்.

என் கவலையெல்லாம் பானைதான். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மண்ணில் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் கூடிய சீக்கிரம் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்து, பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதற்கு ஜாமீன் தர வேண்டும். (ஆம், பத்தே ரூபாய்.) மறைத்தால் அவர் பங்கு அரசுக்குப் போவதோடு ஓராண்டு வரை சிறையும் உண்டு. உடந்தையாக இருந்த நில உரிமையாளருக்கு 6 மாதம் வரை. ஆக, சித்தப்பா உங்களுக்குக் கொடுத்தது அவர் கொடுக்கக்கூடிய பொருளே அல்ல.

முறையாகச் சொல்லியிருந்தால், வேறு உரிமை கோருவோர் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் தரும். ஒரு காசு 4 கிராம்கூடத் தேறாது என்பதால் ஏல விலையை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஒரு வருடத் தாமதம் பலவீனம்தான். ஆனாலும் தானாக முன்வருவதும் பிடிபடுவதும் ஒன்றல்ல. உள்ளூர் வக்கீல் ஒருவரோடு சித்தப்பா கலெக்டர் அலுவலகம் போகட்டும். கிடைத்த இடம், உண்மையான தேதி, எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள்; தேதியை மட்டும் மாற்ற வேண்டாம். பானை ஓடு மிச்சம் இருந்தால் அதையும் கொடுங்கள்.

அப்புறம், மண்வெட்டி போட்டது யார்? கூலிக்கு வந்தவர் என்றால், சட்டத்தின் கண்ணில் கண்டெடுத்தவர் அவராக இருக்கலாம். முக்கால் பங்கும் அவர் கேட்கலாம். மனு எழுதுமுன் சித்தப்பா அவரிடம் பேசட்டும்.