கீப்பர் பந்தைத் துரத்த வேண்டாம்

கேள்வி: எங்கள் அலுவலக ஓய்வறையில் ஃபூஸ்பால் மேசை (கம்பிகளில் கோத்த பொம்மைகளால் பந்தடிக்கும் மேசைக் கால்பந்து) இருக்கிறது. மதியம் சாப்பிட்டதும் இருவர் இருவராக ஆடுவோம். நான் புதிது என்பதால் கீப்பர் பக்கம் தள்ளிவிட்டார்கள். எதிரணி சீனியர் ஒருவர் கோலுக்கு நேரே பந்தை நிறுத்தி, பொம்மையின் காலால் அமுக்கிப் பிடித்து, சட்டென்று பக்கவாட்டில் இழுத்து மணிக்கட்டால் உருட்டி அடிக்கிறார். அவர் இழுக்கும் பக்கம் நானும் இழுக்கிறேன், அதற்குள் கோல். கூட்டாளி வேறு திட்டுகிறார். என் கை வேகம் போதவில்லையா?
வாசகி, சென்னை

பதில்: கை வேகத்தை விடுங்கள். அந்த அடியைப் பார்த்த பிறகு நகர்ந்தால் யார் கையும் பிந்தித்தான் போகும். அதற்கு ஸ்நேக் ஷாட் என்று பெயர். முறையான அடிதான். கம்பி 360 டிகிரிக்கு மேல் சுற்றினால்தான் சர்வதேச விதிப்படி தவறு. அவர் பம்பரமாகச் சுற்றுகிறார் என்றால் தாராளமாகச் சண்டை போடுங்கள்.

இப்போது உங்கள் பக்கம் வருவோம். இடது கையில் கீப்பர் கம்பி, வலது கையில் இரண்டு தடுப்பு பொம்மைகள் உள்ள கம்பி. புதிதாக ஆடுபவர்கள் பயத்தில் இரண்டையும் பந்துக்கு நேராக, ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்திவிடுவார்கள். ஒரே வழிக்கு இரண்டு காவல், மற்ற வழியெல்லாம் திறந்த வீடு. கீப்பரையும் ஒரு தடுப்பு பொம்மையையும் கொஞ்சம் விலக்கி, அடுத்தடுத்து நிறுத்துங்கள். பந்தின் விட்டம் சுமார் 35 மில்லிமீட்டர். முன்னிருந்து பார்க்கும்போது இரண்டு கால்களுக்கும் நடுவே அதைவிடக் குறைவான இடைவெளி இருந்தால், நேராக வரும் பந்து நுழையாது. பொம்மைகள் செங்குத்தாகவே நிற்கட்டும், கால் தூக்கினால் பந்து அடியில் போய்விடும்.

மேசை காலியாக இருக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். எதிரணியின் மூன்று பொம்மைகள் உள்ள கம்பிக்குக் கீழே பந்தை வையுங்கள். உங்கள் பொம்மைகளை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் போய், குனிந்து, பந்தின் உயரத்திலிருந்து கோலைப் பாருங்கள். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கேதான் உங்களுக்குக் கோல் விழுந்துகொண்டிருக்கிறது. பந்தை இடமும் வலமும் மாற்றி வைத்துப் பார்த்தால், ஓரத்துப் பந்துக்கு உங்கள் பொம்மைச் சுவர் எவ்வளவு நகர வேண்டும் என்பதும் பிடிபடும். (கீப்பர் கம்பியில் மூன்று பொம்மைகள் இருந்தால் குழம்பாதீர்கள். மூலையில் தங்கும் பந்தை எடுக்கத்தான் ஓரத்து இரண்டும். கோலைக் காப்பது நடுவில் இருப்பவர்.)

அப்புறம், இந்தச் சுவர் அசையாமல் நின்றால் சீனியர் நிதானமாக ஓட்டையைத் தேர்ந்தெடுப்பார். அவர் பந்தை அமுக்கியதுமே இரண்டு கம்பிகளையும் சின்னச் சின்னதாக நகர்த்திக்கொண்டே இருங்கள். தாளம் மட்டும் வேண்டாம். இடம், வலம், இடம், வலம் என்று போனால் நாலாவது முறை அவர் எண்ணி அடிப்பார். ஒரு பக்கத்தை வேண்டுமென்றே திறந்து காட்டி, அவர் கண் அங்கே போனதும் மூடுங்கள். அடுத்த முறை திறந்து, மூடாமலே விடுங்கள். அந்தக் கம்பியில் பந்தை வைத்திருக்க விதிப்படி அவருக்கு 15 விநாடிதான். யோசிக்க வேண்டியவர் அவராக இருக்கட்டும்.

தடுத்துவிட்ட சந்தோஷத்தில் உடனே ஓங்கி அடிக்காதீர்கள். எதிரே அவருடைய மூன்று பொம்மைகள் நிற்கின்றன; பட்டுத் திரும்பினால் உங்கள் கோலுக்குள்தான் வரும். உங்களுக்கும் அதே 15 விநாடி உண்டு. பந்தை நிறுத்தி, பக்கவாட்டில் இரண்டு அங்குலம் தள்ளி, வழி தெரிந்த பிறகு அனுப்புங்கள்.

திட்டும் கூட்டாளி விஷயம் சுலபம். ஒரு கோல் விழுந்து அடுத்த பந்து போடுவதற்கு முன் இருவரும் இடம் மாறிக்கொள்ள விதியே அனுமதிக்கிறது. அடுத்த முறை அவர் வாயைத் திறந்ததும் நீங்கள் முன்னால் போய் நின்றுகொள்ளுங்கள்.