மக்காச்சோள டார்ட்டியா மடிக்கும்போது உடைவது பற்றி

வணக்கம். குடும்பத்தாருக்கு இரவு உணவாக மெக்சிகோவின் டாக்கோ செய்ய முயன்று, அதற்காக மக்காச்சோள மாவில் சுட்ட டார்ட்டியாக்கள் (மெல்லிய ரொட்டிகள்) மடித்தவுடன் நடுவில் பிளந்து, உள்ளே வைத்த பீன்ஸ் முழுவதும் தட்டில் கொட்டியதாக எழுதியிருந்தீர்கள். பிழை உங்கள் கைப்பக்குவத்தில் இல்லை, மாவில்தான் இருக்கிறது.

மெக்சிகோவில் டார்ட்டியாவுக்கு மக்காச்சோளத்தை அப்படியே அரைப்பதில்லை. ஒரு கிலோ உலர்ந்த சோளத்துக்கு ஏறக்குறைய 10 கிராம் உணவுத்தரச் சுண்ணாம்பு கரைத்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, தோல் கழன்றபின் நன்கு அலசி, ஈரமாகவே அரைக்கிறார்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் சோளத்தில் கிடையாது என்பதால், சுண்ணாம்பு தோலை நெகிழ்த்தி வெளிக்கொணரும் பசையும், பாதி வெந்த மாவுச்சத்துமே அந்த மாவைப் பிணைத்து நிறுத்துகின்றன. சாதாரண மாவை எவ்வளவு நேரம் பிசைந்தாலும் இந்தப் பக்குவம் வராது. நானும் இதை உணரும் முன் இரண்டு பொட்டலங்களை வீணாக்கியவன்தான்.

அடுத்த முறை ‘மாசா ஹரினா’ என்று அச்சிட்ட, இப்படிச் சுண்ணாம்பு நீரில் பக்குவப்படுத்திய மக்காச்சோள மாவை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், இருக்கும் மாவுடன் சம அளவு கோதுமை மாவு சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். சுவை மாறும், ஆனால் உடையாமல் மடியும். சுட்டதும் துணியில் சுற்றி அடுக்குங்கள்.

உடைந்த துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றை மொறுமொறுப்பாகப் பொரித்து, சூடான தக்காளி மிளகாய்ச் சாற்றில் புரட்டி, சீஸ் தூவினால், மெக்சிகர்கள் காலையில் உண்ணும் சிலாக்கிலெஸ் போன்றதொரு உணவு கிடைக்கும்.