பக்கவாதம் வந்தவர்கள் பிசியோதெரபிக்குப் பதிலாக யோகா செய்யலாமா?

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம், பிசியோவை நிறுத்திவிட்டு யோகாவில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேருங்கள், ஆனால் பிசியோவை நிறுத்தாதீர்கள். கை கால் அசைவு வேகமாகத் திரும்புவது பெரும்பாலும் முதல் 3 முதல் 6 மாதங்களில்தான். "இனிமேல் பணம் கட்டி என்ன ஆகப் போகுது" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள்.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை பக்கம். மாமனாருக்கு மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, காலோடு பேச்சும் போய்விட்டது. கொஞ்சம் நடக்க ஆரம்பித்த பிறகும் வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடப்பது அவருக்குத் தெரியாது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் பச்சிலை, எண்ணெய் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. அதில் மட்டும் நான் யாரையும் தலையிட விடவில்லை.

பிசியோ செய்கிற தம்பியிடம் கேட்டுக்கொண்டுதான் யோகா சொல்லித்தரும் அக்காவை வரவழைத்தோம். நீங்கள் நினைக்கிற ஆசனம் எதுவும் இல்லை. சுவரை ஒட்டி ஒரு மர நாற்காலி, இரண்டு பாதமும் தரையில் அழுந்த உட்காருவது, மூச்சை விட்டுக்கொண்டே எழுவது. இடது கையால் வலது கையைப் பிடித்துத் தூக்குவார், தோள் உயரத்துக்கு மேல் போக அக்கா விடமாட்டார். வாதம் வந்த தோளில் மூட்டு இறங்கியிருக்கலாம், பிடித்து இழுத்தால் வலி வந்து நீண்ட நாள் தங்கிவிடலாம்.

அப்புறம் பிராமரி என்ற மூச்சுப் பயிற்சி. வாயை மூடி "ம்ம்ம்" என்று இழுப்பதுதான். பேரன் பெயரையே சொல்ல வராத மனுஷன், அந்த ரீங்காரத்தை நீளமாக, நடுங்காமல் இழுத்தார். மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். பேச்சு அதனால் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, அதற்குப் பேச்சுப் பயிற்சிதான். ஆனால் தனக்குள் குரல் இன்னும் இருக்கிறது என்று அன்றுதான் அவர் நம்பினார். விழுந்துவிடுவோமோ என்ற பயமும் அதற்குப் பிறகு மெல்லக் குறைந்தது.

ஆதாரம் எங்கே என்று யாராவது வருவீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு, பக்கவாதத்துக்கு யோகா பற்றி 2017-இல் வெளியிட்ட தொகுப்பில் சிக்கியதே 2 ஆய்வுகள், மொத்தம் 72 பேர். பதற்றம் குறைவதில் கொஞ்சம் பலன் தெரிந்தது, உறுதியாகச் சொல்ல அது போதாது. எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு நாங்கள் போனபோது கொடுத்த படிவம் மலையாளத்தில் மட்டும் இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுகிற ஊர் இது. மாமாவுக்கு மலையாளம் நன்றாகப் பேச வரும், படிக்க வராது. தமிழில் கேட்டதற்கு, "பொள்ளாச்சிக்குப் போங்க" என்று பதில். பக்கவாதம் வந்த மனுஷனை வரிசையில் நிற்க வைத்துச் சொல்கிற பதிலா இது? ஆனால் வீட்டுக்கே வந்து பார்த்த பஞ்சாயத்து பாலியேட்டிவ் (நீண்ட நாள் நோயாளிகளை வீட்டில் கவனிக்கும்) நர்ஸை மறக்க மாட்டேன். பிரஷர் பார்த்து எழுதிக் கொடுத்து, படிவத்தையும் அவரே நிரப்பித் தந்தார்.

அம்மாவுக்கு ஆள் தேடும்போது, முதலில் பிரஷர் எவ்வளவு என்று கேட்கிறவரா என்று பாருங்கள். கபாலபாதி (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுவது), மூச்சை அடக்குவது, தலை கீழே போகிற மாதிரி குனிவது என்று ஆரம்பித்தால் அன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.