எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸுக்குள் சேமித்து வைத்த நிரலான ஸ்டோர்டு ப்ரொசீஜரிலிருந்தே, ஜேசன் (தரவைப் பெயர்-மதிப்பு ஜோடிகளாக எழுதும் உரை வடிவம்) கோரிக்கையை இணையம் வழியே வேறொரு சர்வருக்கு அனுப்ப முடியுமா?

முடியும். ஆனால் பதிவைச் சேமிக்கும், முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள் அனுப்பாதீர்கள். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் எடைக் கணக்கு மென்பொருளைப் பராமரித்துப் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் வழி. வெளி ஆப்ஜெக்டுகளை இயக்க உதவும், இயல்பாக மூடியே இருக்கும் ‘ஓலே ஆட்டோமேஷன் ப்ரொசீஜர்ஸ்’ அமைப்பை எஸ்பி_கான்ஃபிகர் மூலம் திறந்து, எஸ்பி_ஓஏகிரியேட் கொண்டு இணையக் கோரிக்கை அனுப்பும் சர்வர்எக்ஸ்எம்எல்எச்டிடிபி ஆப்ஜெக்டை உருவாக்கி, எஸ்பி_ஓஏமெத்தட் வழியாக ஓப்பன், செட்ரிக்வெஸ்ட்ஹெடர், சென்ட் ஆகியவற்றை வரிசையாக அழைக்க வேண்டும். ஜேசனைக் கையால் ஒட்டாமல், 2016 பதிப்பு முதல் உள்ள ‘ஃபார் ஜேசன் பாத்’ கொண்டு தயாரியுங்கள். எங்கள் எடை மேடையில் ஒருவர் குறிப்புக் கட்டத்தில் ஈரம் என்ற சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் தட்டிய அன்று, நான் ஒட்டி வைத்திருந்த ஜேசன் உடைந்துபோனது.

எஸ்பி_ஓஏமெத்தட் பூஜ்யம் திருப்பினால் வேலை முடிந்தது என்று பொருளல்ல. எதிர்ப்பக்கம் 500 என்ற பிழைக் குறியீட்டைச் சொன்னாலும் அது பூஜ்யமே தரும், ஆகவே அந்த ஸ்டேட்டஸைத் தனியாகப் படிக்க வேண்டும். பதிலை மாறியில் வாங்கினால் 4000 எழுத்துக்கு மேல் கிடைக்காது. ‘இன்சர்ட் எக்ஸெக்’ மூலம் நீண்ட உரையைத் தாங்கும் என்வார்சார்(மேக்ஸ்) பத்தியுள்ள அட்டவணைக்குள் வாங்குங்கள்.

இனி, நான் பட்டது. எடையைச் சேமிக்கும்போது தானாக ஓடும் டிரிக்கரிலேயே இந்த ப்ரொசீஜரை அழைத்திருந்தேன். நவம்பர் மழையில் மலையில் இணைப்பு தடுமாற, ஒவ்வொரு கோரிக்கையும் இணைப்புக்கான இயல்புக் காத்திருப்பான 60 விநாடி வரை நின்றது. அதுவரை எடை அட்டவணையின் பூட்டும் விடுபடவில்லை. பழ மூட்டைகளுடன் ஆட்கள் வரிசையில் நிற்க, திரையில் மணற்கடிகாரம் சுழன்றது. சில பதிவுகள் ரோல்பேக் ஆயின, அதாவது ரத்தாயின; ஆனால் அவற்றின் கோரிக்கைகள் சேலத்தில் உள்ள வாங்குபவரின் கணக்கில் முன்பே ஏறியிருந்தன. டேட்டாபேஸ் தன் அட்டவணையைத்தான் திரும்பப் பெறும், போய்ச் சேர்ந்த கோரிக்கையை அல்ல.

இப்போது டிரிக்கர், அனுப்ப வேண்டியதை ஒரு வரிசை அட்டவணையில் எழுதிவிட்டு விலகிவிடுகிறது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் எஸ்க்யூஎல் ஏஜென்டின் வேலை ஒன்று நிமிடத்திற்கு ஒருமுறை அதை எடுத்து அனுப்பி, ஸ்டேட்டஸ் 200 (வெற்றி) வந்தால் மட்டும் குறியிடுகிறது. எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஏஜென்ட் கிடையாது. அங்கே விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் போதும். பதில் மட்டும் வழியில் தொலைந்தால் அதே எடை மறுமுறை போகும் என்பதால், ஒவ்வொரு வரிக்கும் தனி எண் சேர்த்து அனுப்புகிறோம். வந்த எண் மீண்டும் வந்தால் வாங்குபவரின் பக்கம் அதை ஒதுக்கிவிடுகிறது.